கேப்டனின் தாடி

முடிவெட்ட வருகிறவர்கள் எல்லாரும் அவரை ராஜா என்றுதான் கூப்பிடுவார்கள். அரண்மனை ஒன்றும் கிடையாது. இரண்டு சுழல் நாற்காலி, ரசம் போன ஒரு கண்ணாடி, அப்பா காலத்துச் சலூன், அவ்வளவுதான் ராஜ்யம்.

சலூனுக்குப் பின்னால் ஆற்றங்கரைத் திடல். ஆண்டுக்கொரு தடவை அங்கே ஊர் பிறந்த கதையை நாடகமாகப் போடுவார்கள். கடல் தாண்டி வந்த கேப்டன் படகிலிருந்து இறங்குவார். ராஜா ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் கையில் வைப்பார். கேப்டன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடி நடுவார். உடனே ஊர் பிறந்துவிடும். அதற்கு முன்னால் அங்கே ஊரே இல்லையென்றால் அந்த ராஜா யாருக்கு ராஜா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குள் வாணவேடிக்கை தொடங்கிவிடும்.

கேப்டன் வேஷம் ஹோட்டல்காரருக்கு. படகு அவருடையது, நாடகக் கமிட்டித் தலைவரும் அவரே. திறந்தவெளியில் காற்று வசனத்தை அடித்துக்கொண்டு போகிறதென்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். நடிப்பவர்கள் வாயசைத்தால் போதும். கேப்டனின் குரல் ஹோட்டல்காரருடையது. ராஜாவின் குரலும் அவருடையதுதான், கொஞ்சம் கரகரப்பாக. அதாவது கேட்பதும் அவர், கொடுப்பதும் அவர்.

ராஜா வேஷம் சலூன் ராஜாவுக்கு. எல்லாருக்கும் தாடி ஒட்டுவதும் அவர் வேலைதான். நாடகத்தன்று சாயங்காலம் ஹோட்டல்காரர் நாற்காலியில் சாய்ந்து முகவாயைத் தூக்கிக் கொடுத்தார்.

"ராஜா, அடுத்த வருஷம் கூட்டம் அள்ளப் போகுது. உட்கார இடம் பத்தாது. உன் கடை இருக்கிற இடத்துல படிக்கட்டு கட்டலாம்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு."

"என் கடையா? நான் சம்மதம் சொல்லலையே தலைவரே."

"நீ எதுக்குய்யா சொல்லணும்? நாடகம் முடிஞ்சதும் நானே மைக்ல சொல்லிடறேன். அன்னிக்கு ராஜா மண்ணைக் கொடுத்தாரு, இன்னிக்கு நம்ம ராஜா கடையைக் கொடுத்தாருன்னு. ஜனம் கைதட்டிடுச்சுன்னா அப்புறம் உன்னால இல்லைன்னு சொல்ல முடியுமா? திங்கட்கிழமை இடிக்க ஆள் வரும்."

ராஜாவின் கை நாடகப் பசையை விட்டுவிட்டுப் பக்கத்துக் குப்பிக்குப் போனது. அது டோப்பா ஒட்டுகிற பசை. வழுக்கைக்காரர்கள் அதை ஒட்டிக்கொண்டு ஆற்றில் நீந்துவார்கள். அதைக் கரைக்கும் மருந்து ஊரில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"நல்லா அழுத்தி ஒட்டு. போன வருஷம் பாதியிலேயே கழண்டு மானம் போச்சு" என்றார் ஹோட்டல்காரர்.

"இந்தத் தடவை போகாது தலைவரே."

நாடகத்தில் ராஜா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். மண்ணை அள்ளவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி தலையை இடவலமாக ஆட்டினார். ஒலிபெருக்கி கரகரத்தது: "மாவீரரே, இந்த மண் இனி உங்களுடையது. மனமுவந்து தருகிறேன்." கேப்டன் வெறுங்கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடியை நட்டார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைக்கில் அறிவிப்பு வந்தது. மறுபடி கைதட்டல்.

ஒலிபெருக்கி வைத்திருந்தவன் ராஜாவின் மைத்துனன். "தலையாட்டினது பிரமாதம் மாமா. கொடுக்க மனசில்லாம கொடுக்கிற மாதிரியே இருந்துச்சு" என்றான்.

"மாப்ள, அந்த இடத்துல நிறுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நிறுத்தினா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்களே மாமா."

காலையில் கடை திறந்து, மைத்துனன் முகத்தில் ராஜா சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். சட்டையும் வேட்டியும் இந்தக் காலத்தவை. தாடி மட்டும் கப்பலில் வந்தது.

"எண்ணெய், வெந்நீர், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. என் சம்சாரம் என் கால் மேல மிதிச்சுக்கிட்டு இழுத்துப் பாத்தா, தோல்தான் வருது. கத்தரியால வெட்டினா கம்பளிப்பூச்சி மாதிரி நிக்குமாம். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க ராஜா."

"உட்காருங்க. மருந்து இருக்கு."

பஞ்சை நனைத்து வலப்பக்கத்தை ராஜா பக்குவமாக எடுத்தார். பாதித் தாடி மடியில் விழுந்தது. பிறகு குப்பியை மூடி அலமாரியில் வைத்தார்.

"என்னய்யா நிறுத்திட்ட?"

"மிச்சத்துக்குக் கொஞ்சம் யோசிக்கணும். திங்கட்கிழமை கடை இருக்காதே, குப்பியை எங்க வைக்கிறதுன்னு."

ஹோட்டல்காரர் கண்ணாடியைப் பார்த்தார். வலது பாதி ஹோட்டல்காரர், இடது பாதி கேப்டன். வாசலில் முடிவெட்டக் காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அவர் முனகினார். "கடை இங்கேயே இருக்கட்டும்."

ராஜா பின்னால் திரும்பினார். "மாப்ள, உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

சோப்பு நுரைக்குள்ளிருந்து மைத்துனன் சொன்னான்: "வாய் அசைஞ்சது மாமா. சத்தம் வரலை. மைக் கொண்டு வரட்டுமா?"