மூடுபனிக்குப் பின்னால் லயன்

லோரி மலையேறத் தொடங்கியதுமே என் மனைவி மேவிஸ் சிரித்துவிட்டாள்.

"என்னாங்க, எறங்கித் தள்ளுனா இதவிட சீக்கிரம் போவும் லா!"

அவள் கூறியது உண்மையே. கீழேயுள்ள கோலா தெர்லாவிலிருந்து எங்கள் தோட்டத்து லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், வரையிலான பாதையில், நான் டிவி திரையில் வரைந்த லோரி அடிக்கு அடி நின்று, மினுக்கி, பின்னரே நகர்ந்தது. தேயிலை ஆலையில் உருட்டு இயந்திரம் ஓட்டும் நான், முப்பத்தெட்டாம் வயதில், அகராதியின் துணையோடு கணிப்பொறிக் கையேட்டைப் படித்து எழுதிய முதல் விளையாட்டு அது. டிவியோடு இணைக்கும் அந்தக் கணிப்பொறியும் அவள் வாங்கி அனுப்பியதே. பினாங்கில் அவள் பணிபுரியும் மின்னணு ஆலையின் பொறியாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது விற்றுச் சென்றது.

அவளுக்குக் கிறிஸ்துமஸ் விடுப்பு நான்கு நாள். பினாங்கு திரும்பியவுடன், மேற்பார்வையாளர் பதவியை ஏற்று இன்னும் மூன்றாண்டு அங்கேயே இருப்பதா, வேலையை விட்டு வீடு வருவதா என்பதை அவள் தெரிவித்தாக வேண்டும். வந்துவிடு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. லோரி வீடு வந்து சேர்வதை அவள் கண்டால் போதும் என எண்ணினேன்.

லோரி நின்று நின்று நகர்ந்ததற்குக் காரணம் எளியது. லோரி ஓரடி நகர்ந்தாலும், நிரல் மலை முழுவதையும் அழித்து மறுபடியும் வரைந்தது. எந்தக் கங்காணியும் நாள்தோறும் மலை முழுவதற்கும் தேயிலை பறிக்க ஆள் விடுவதில்லை. கொழுந்து விட்ட பகுதிக்கே விடுவார். ஆகவே, லோரி விட்டகன்ற இடத்தை மட்டும் திருத்தி வரையுமாறு கட்டளைகளை மாற்றி அமைத்தேன். வேகம் கூடியது, ஆயினும் போதவில்லை. பாதை ஏற ஏற, புதிய குன்றுகளும் லயன் வீடுகளும் வந்தவண்ணம் இருந்தன. இறுதியில் அவற்றை நீக்கிவிட்டு, தொலைவு முழுவதையும் மூடுபனி போல வெள்ளைப் புள்ளிகளால் மூடினேன். இம்மலையில் பிறந்தவனுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. பாதி நாள் நாங்கள் காண்பது அதைத்தான்.

மூன்றாம் நாள், தேவாலயத்திலிருந்து வந்ததும் அவளை அழைத்து உட்கார வைத்தேன். லோரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அம்மாடி! மலப்பாதையில பறக்குற பிரிஞ்சாங் டாக்சியே தோத்துச்சு போங்க!"

அவள் முன்னால் சாய்ந்தாள்.

"நம்ம லயன் எங்க?"

"பனிக்குப் பின்னால இருக்கு."

"வரஞ்சிருக்கீங்களா?"

"இல்ல புள்ள. வரஞ்சா லோரி நவுராது."

"அப்ப இந்த லோரி எங்கதாங்க போவுது?"

நீ வந்துவிட்டால் வரைந்துவிடுவேன் என்று நான் கூறியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"புள்ளிய பாதியாக் கொறச்சு, லயன மட்டும் வரஞ்சா கொஞ்சம் தெரியும்."

"ம்" என்றாள். பின்பு தானாகவே பொத்தானை அழுத்தினாள். லோரி மீண்டும் வெண்மைக்குள் ஏறியது. இரண்டாம் முறையும் ஏறியது. கம்பளிச் சட்டையின் கை நுனியை விரல்களுக்கு மேல் இழுத்துக்கொண்டு, பேருந்துச் சன்னலில் படிந்த ஆவியைத் துடைப்பவள் போல, அவள் அந்த டிவிக் கண்ணாடியை மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.