ரிமோட்டைப் பிடுங்கும் தம்பி

வெனிங்கின் விமானம் ஒன்றரை மாதமாகப் பறந்துகொண்டிருந்தது. ஆனால் வெனிங் இன்னும் ஒரு தடவைகூட அதைத் தரையிறக்கியதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான். கடல் மணலுக்கும் வெங்காய வயலுக்கும் நடுவே கிடக்கும் தார்த்தளத்தில் அந்த வெள்ளைத் தெர்மாகோல் விமானம் ஓடி எழும்பும். சவுக்குத் தோப்புக்கு மேலே ஒரு வட்டம் அடிக்கும். இரண்டாவது வட்டத்தில் லேசாக ஒரு பக்கம் சாயும். உடனே பக்கத்தில் நிற்கும் அவள் தம்பி தமர், "அக்கா, குடு குடு!" என்று ரிமோட்டைப் பிடுங்கிவிடுவான். அவனே இறக்கி முடித்துவிட்டு, "பாத்தியா? இவ்ளோதான்" என்பான்.

புதிதாக வருபவர் பக்கத்தில் பழகிய ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பது அங்கே விமானம் விடுபவர்களின் கிளப் வழக்கம். வெனிங்குக்கு அது தமர். அடுத்தவர் கை படாமல் ஒருமுறை தளத்தில் இறக்கிக் காட்டினால் அதற்கப்புறம் தனியாகப் பறக்கவிடலாம். வெனிங்குக்கு வேண்டியது அது ஒன்றுதான். பந்துல் ஊரின் பல் மருத்துவமனையில் வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்ப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமைதான் கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கிறாள். அதையும் ஒருவன் கையிலிருந்து பறித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

விமானம் எதிரே வரும்போதுதான் அவளுக்குக் குழம்பும். விலகிப் போகும்போது வலது வலதுதான். மூக்கை நம் பக்கம் திருப்பிவிட்டால் வலது இடதாகிவிடும். இதற்காகவே வீட்டுக் கணினியில் மாலைதோறும் விமானம் ஓட்டிப் பழகினாள். அங்கே வேகக் குச்சி இடது கையில். தமர் அமைத்துக் கொடுத்த ரிமோட்டில், கிளப்பில் எல்லோருக்கும் இருப்பதைப் போல, வலது கையில். வீட்டில் விரல்கள் கற்றதெல்லாம் இங்கே தப்பாகப் போனது. இந்த வாரம் பொறுமை போய், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரிமோட்டைப் பிரித்தாள். வேகத்தை இடது கைக்கு மாற்றினாள். மூக்கை ஏற்றி இறக்கும் குச்சி வலது கைக்கு வந்தது.

"டேய், நல்லா கேட்டுக்கோ. குச்சிய மாத்திட்டேன். வேகம் இப்ப இடது பக்கம். இன்னிக்குப் பிடுங்கித் தொலைக்காத."

தளத்தோரம் நின்ற தமரின் வாய் நிறையச் சோயாத் தெம்பே பஜ்ஜி. "ம்ம்."

"என்ன ம்ம்? என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"இடது பக்கம்க்கா. நான் எதுக்குப் பிடுங்கறேன்? நீ விழுத்தினா எனக்குப் பஜ்ஜி லாபம்."

விமானத்தை விழுத்தியவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தார்ப்பாயில் கால் நீட்டியிருந்த தபால்காரர் கீதோ சிரித்தார். "எங்க வெனிங், உன்னை நம்பிப் பட்டினி கிடக்கறோம். தம்பிதான் காப்பாத்திக் காப்பாத்தி எங்க வயித்துல அடிக்கறான்!"

விமானம் எழுந்தது. முதல் வட்டம் சுத்தமாக முடிந்தது. இரண்டாவதில் கடல்காற்று தட்ட, நேரே அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்த விமானம் ஒரு இறக்கையைத் தாழ்த்தியது. தாழ்ந்த பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். விரல் தானாகவே தள்ளியது. இறக்கை மெல்ல நிமிரத் தொடங்கியது. இதோ, வந்துவிட்டது என்று அவள் நினைத்த நொடியில்—

"அக்கா, குடு குடு!"

"விடுடா! நிமிருதுடா!"

அதற்குள் ரிமோட் அவன் கைக்குப் போய்விட்டது. வேகம் கூட்ட வலது குச்சியை முன்னால் தள்ளினான். விமானம் மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தது.

"ஏன் கீழ போகுது? ஏன்க்கா கீழ போகுது?"

"அது மூக்குடா! நீ தள்றது மூக்கு!"

வெங்காய வயலில் 'பொத்'தென்று சத்தம் கேட்டது.

"பஜ்ஜி யார் கணக்கு?" என்றார் கீதோ உடனே.

"அக்கா விமானம்தானே விழுந்துச்சு?" என்றான் தமர்.

"உன் கையில இருக்கும்போதுதான் விழுந்துச்சு" என்றாள் வெனிங்.

"நீ குச்சிய மாத்தினா சொல்ல வேணாமா?"

கத்தினால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் என்று வெனிங்குக்குத் தோன்றியது. வயல்காரப் பெண் இறக்கையைப் பிடித்து விமானத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தாள். "இது யார் வீட்டுக் கோழி? என் வெங்காயத்தக் கிளறிடுச்சு."

மூக்கு நசுங்கியிருந்தது, விசிறி உடைந்திருந்தது. இறக்கை தப்பித்தது. வெனிங் டேப் சுற்றி, வேறு விசிறி மாட்டினாள்.

"போதும்க்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவள் பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்குப் போய் விளிம்புவரை நிரம்பிய இரண்டு கண்ணாடிக் கிளாஸ் தேநீரோடு வந்தாள். ஒன்றை அவன் வலது கையில் கொடுத்தாள், இன்னொன்றை இடது கையில்.

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. சிந்தாம வெச்சிரு."

நசுங்கிய மூக்கோடு விமானம் கிளம்பியது. இடது பக்கமே இழுத்தது. அவள் விடாமல் எதிர்ப்பக்கம் பிடித்தாள். இரண்டாவது வட்டம். எதிரே வந்தது. சாய்ந்தது.

"அக்கா, சாயுது! அக்கா... ஐயோ சுடுது! இதை எங்க வைக்கறது?"

அவன் காலைச் சுற்றிலும் மணல்தான், வைத்தால் கிளாஸ் சாய்ந்துவிடும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ந்த பக்கம் தள்ளினாள். நிமிர்ந்தது. "இறக்கறேன்!" என்று தளத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கக் கத்தினாள். அந்தச் சொல்லை அவள் குரலில் அங்கே யாரும் கேட்டதில்லை. இடது கையால் வேகத்தைக் குறைத்தாள். விமானம் தாரில் இடித்து எகிறியது, மறுபடி இடித்தது, முன்சக்கரம் கழன்று தனியாக உருண்டது. மல்லாந்து வழுக்கிக்கொண்டே போய் தளத்தின் ஓரத்தில், தளத்துக்குள்ளேதான், நின்றது.

"கவுந்து எறங்கினாலும் எறங்கினதுதான்!" என்று கீதோ கையைத் தட்டினார்.

"நான் பக்கத்துல நின்னதாலதான் அக்காவுக்குத் தைரியம்" என்றான் தமர். "இருக்கா, நான் போய் எடுத்துட்டு வரேன்."

"அசையாத. அங்கேயே நில்லு."

அவளே நடந்து போனாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். எரிச்சல்தான் இன்னும் போகவில்லை. விமானத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாலும் முறிந்திருந்தது, இந்த வாரம் முழுக்க ஒட்ட வேண்டும்.

இருக்கட்டும். இந்த வாலை முறித்தது அவள்தான்.