மடியில் ஓடிய டேப்

பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டம் இப்போதெல்லாம் கைபேசியிலேயே நேரலையாக வருகிறது. தையற்காரம்மா கடையில் பட்டன் தைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். படம் பளிச்சென்று இருக்கும். யார் தும்மினாலும் கேட்கும். ஆனாலும் அவளுக்கு என்னவோ உப்புச்சப்பில்லாமல் இருக்கும். பார்ப்பவர்கள் பதினொரு பேர் என்று மூலையில் காட்டும்போது, இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு இதே கடையில் ஒரு கேசட்டைக் கேட்க முண்டியடித்த கூட்டம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது அவள் மகள் நான்காம் வகுப்பு. நூலக அறையை அலுவலகத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டத்துக்குப் போனாள். "பிள்ளைங்க எங்க உக்காந்து படிக்கும்?" என்று எழுந்து நின்று கேட்டாள். பத்து நாள் கழித்துப் பலகையில் ஒட்டிய கூட்டக் குறிப்பில், 'பெற்றோர் தரப்பில் எதிர்ப்பு ஏதும் இல்லை' என்றிருந்தது.

"அப்ப நான் என்ன, சுவத்துக்கிட்டயா பேசினேன்?" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். சாப்பிட்ட கையைக் கழுவியபடி, "எழுதுற கை மறக்கும். டேப்பு மறக்குமா?" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வீட்டில் பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி இருவரும் எடுத்துப் போனார்கள். அவள் அதை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, கச்சேரியா?"

"போன தடவ நான் பேசினதா நினைச்சேன் சார். உங்க குறிப்பைப் படிச்சா பேசவே இல்லையாம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அதான்."

அறையே சிரித்தது. தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பொதுமக்கள் வந்து கேட்கலாம் என்றிருந்தது. எதை வைத்துக் கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. டேப் ஓடியது. அவள் முன்பு கேட்டதையே மறுபடி கேட்டாள்.

மறுநாள் மாலை கடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். கேசட்டில் தலைவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் முணுமுணுப்புதான் கணீரென்று விழுந்திருந்தது. "டீ வந்திருச்சு, அவங்களுக்கு மட்டும்." "அந்த உறுப்பினர் தூங்கிட்டார். எழுப்பாதீங்க, ஓட்டெடுப்புன்னா கை தானா தூக்கும்." பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தில் உட்கார நாற்காலி இல்லை. நூலகம் தப்பியது. மகள் பள்ளியை முடிக்கும் வரை, எட்டு வருஷம், மாதம் ஒரு கேசட் ஓடியது.

கணவர் போய் மூன்று வருஷமாகிறது. அதன்பின் அவள் அந்தக் கேசட் பெட்டியைத் திறக்கவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு குழுவின் பழைய செயலாளர் கடை வாசலில் வந்து நின்றார். அன்று அந்தக் குறிப்பை எழுதிய அதே மனிதர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"பழைய கூட்டப் பதிவெல்லாம் வலைத்தளத்துல போடப்போறாங்கம்மா. குழுகிட்ட ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்கும்னு சொன்னேன்."

அவள் முதல் கேசட்டை எடுத்துப் போட்டாள். அவள் இளம் குரல் நூலகத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தது. நடுவே கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தச் செயலாளரைப் பாரு. நீ பேசப் பேசப் பேனாவை மூடிட்டாரு. எழுதணும்னுதான் இருக்கு அவருக்கு. விடமாட்டேங்கறாங்க, பாவம்."

அன்று சிரிப்பில் யார் காதிலும் விழாத பேச்சு.

"அதைத் திரும்பப் போடுங்கம்மா," என்றார் செயலாளர். இரண்டு தரம் கேட்டார். "எதிர்ப்பு இல்லைன்னு எழுதச் சொன்னாங்க. வேலைக்குப் பயந்து எழுதினேன். வீட்டுல கூடச் சொன்னதில்ல. இவர் எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"பஸ்ஸு ஓட்டினவருல்ல. ரோட்டைப் பாத்துக்கிட்டே பின்னால இருக்கறவங்க முகத்தையும் படிப்பாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் பேச்சையெல்லாம் வெட்டிட்டுப் போடச் சொல்லுங்க. சபைக்கு ஆகாது."

"ஒரு வார்த்தைகூட வெட்ட விடமாட்டேன்மா," என்றவர், பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

நேற்று மத்தியானம் மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா... அப்பா பேசறாரும்மா."

தையற்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "டேப்புல எந்த இடத்துல இருக்கே? அப்படியே நிறுத்தி வை. நானும் போடறேன், சேந்து கேப்போம்."