டோனா மரியெல்லாவின் சன்னல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொன்ன வாய் புழுத்துப் போகட்டும். அத்தனையும் நடந்தது.

வளைகுடா நாட்டுக் கராமாவில் பழம்பொருள் கடை வைத்திருந்த கீழக்கரை கௌஸ் முகைதீனிடம் விற்க மிஞ்சியது ஒரு பித்தளைக் கப்பல் சன்னல்தான். ‘டோனா மரியெல்லா, இத்தாலி’ என்று அதில் அட்டை தொங்கியது. சாயங்காலத்துக்குள் அதை விற்று வாடகை கட்டினால்தான் கடை. கடை போனால் விசா போகும். ஊரில் அவருக்குக் கதவு திறக்க ஆளில்லை.

“மச்சான், அந்தக் கப்பல இன்னைக்கு எத்தனை தடவ முக்குவிய?” என்றான் மைத்துனன் ராஜிக்.

“சும்மா இரு மாப்ள. ஆள் வருது.”

கைத்தடியோடு ஓர் இத்தாலியக் கிழவி உள்ளே வந்தாள். கௌஸ் தன் ஓட்டை இங்கிலீஷில் தொடங்கினார்.

“ரெண்டு உலகச் சண்டைக்கும் நடுவுல ஜெனோவால கட்டுன கப்பல், மேடம். சூயஸ் வழியா பம்பாய் வரும். மேல்தட்டுல நீச்சல் குளம். எவ்வளவு அலை அடிச்சாலும் ராஜாக்கள் கிண்ணத்துல ஒரு சொட்டு சிந்தாது. அது துறைமுகத்துல நுழைஞ்சா பம்பாய்க் காக்காவெல்லாம் வாயை மூடிக்கிரும். அப்புறம் சண்டை வந்துச்சு. குண்டு விழுந்து முங்கிருச்சு.”

கிழவி அட்டையைத் தடவினாள்.

“என் அப்பா இதில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். நான் அப்போது கைக்குழந்தை. உடல் கிடைக்கவே இல்லை. யாராவது தப்பினார்களா?”

கௌஸ் வாசலைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“தப்பிச்சாங்க மேடம். இந்த சன்னல் வழியாத்தான் குதிச்சாங்க.”

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கிழவி கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். சன்னலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். ராஜிக் பிடித்தான். தலையை நுழைத்தாள், போனது. தோள் போகவில்லை. பக்கவாட்டில் திரும்பியும் நுழையப் பார்த்தாள். காய்ந்த சுள்ளி போன்ற உடம்பு, அதுவும் போகவில்லை.

“அப்பா என்னைப்போல் இரண்டு மடங்கு” என்றாள். “எங்கேயோ கரையேறியிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன்.”

கைத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராஜிக் சன்னலைக் கீழே வைத்தான்.

வேறு யாரும் வரவில்லை. கட்டிடச் சொந்தக்காரனின் ஆள் கடைச் சாவியை வாங்க வந்து நின்றபோது, கௌஸ் அந்தச் சன்னலுக்குள் தன் தலையையும் ஒரு கையையும் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி போகவில்லை.

“கலாஸ் மச்சான், முடிஞ்சிருச்சு. வெளிய வாங்க” என்றான் ராஜிக்.

டோனா மரியெல்லா என்ற பெயரை கௌஸ் முகைதீன் ஒரு மக்ரோனி பாக்கெட்டைப் பார்த்து எழுதியிருந்தார்.