ஆப்பிரிக்கா பக்கத்துக் கடல்

யமுனாவின் கம்ப்யூட்டரில் கடல் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தது. வேணி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். துவாக்குடி கல்லூரியில் மழை ஆராய்ச்சி செய்யும் பள்ளித் தோழியைக் காதுகுத்துக்கு அழைக்கத்தான் அவள் வந்திருந்தாள். பத்திரிகையை மேஜையில் வைத்ததோடு அது மறந்தே போயிற்று.

"இந்தச் சிவப்பு ஆப்பிரிக்கா பக்கம். தண்ணி வழக்கத்தவிட சூடா இருக்கு. சுமத்ரா பக்கம் குளுந்து கெடக்கு. இந்த மாதிரி வருஷத்துல கெழக்குக் காத்து வங்கக் கடல் ஈரத்த அள்ளிக்கிட்டு நம்ம பக்கம் வரும். மழை தூக்கலா இருக்கும்," என்றாள் யமுனா.

"எங்கயோ கடல் சூடானா முக்கொம்புல மழை பெய்யுமாடி?"

"பெரும்பாலும். சில வருஷம் ஏமாத்தியும் இருக்கு."

திரும்பும் பஸ்ஸில் வேணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள். இந்தக் காற்று எங்கிருந்து கிளம்பியது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் யோசித்ததில்லை.

முக்கொம்புக்குப் பக்கத்தில் அவர்களுடைய வாழைத்தோட்டம் பள்ளத்தில் இருந்தது. போன வருஷம் தண்ணீர் தேங்கி, வேரழுகி, பாதி மரம் சாய்ந்துவிட்டது. நடுவே வடிகால் வெட்டலாம். ஆனால் அதற்குக் குலை தள்ளிய ஒரு வரிசையையே பலி கொடுக்க வேண்டும்.

"கம்ப்யூட்டர்ல கடலப் பாத்துட்டு வந்து காய்க்கிற மரத்த வெட்டச் சொல்றியா?" என்றான் அவள் கணவன் ரெங்கராஜ்.

"மழை வராமயும் போவலாம்னுதாங்க யமுனா சொன்னா. ஆனா வந்துச்சுன்னா, போன வருஷம் மாதிரி ஆயிடும்."

அவள் எதையும் மறைக்காததனாலோ என்னவோ, அவன் அரிவாளை எடுத்தான்.

ஐப்பசி காய்ந்தது. வெட்டிய குலைகளின் பிஞ்சுக் காய்களைத் தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை. தினமும் வாழைக்காய்ப் பொரியலை ரெங்கராஜ் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யமுனா போனில் அனுப்பும் படங்களில் சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது.

கார்த்திகையில் ஒரு விடியலில் பிடித்த மழை பிறகு விடவேயில்லை. பக்கத்துத் தோட்டம் குளமாகிவிட்டது. அதைப் பார்த்தபோது வேணிக்குத் தன் கணக்கு பலித்தது என்று சந்தோஷப்பட முடியவில்லை. அவர்கள் தோட்டத்தில் வடிகால் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஓரத்தில் சில மரங்கள் சாய்ந்திருந்தன. மற்றவை நின்றன.

சாக்கை மடித்துத் தலையில் போட்டபடி நின்ற ரெங்கராஜ் திடீரென்று கேட்டான்: "ஏன் வேணி, அந்தக் கடல் மட்டும் ஏன் சூடாவுது?"

"தெரியலங்க. நானும் கேக்கல."

அவன் காற்று வந்த கிழக்குப் பக்கம் திரும்பினான். சாரல் நேராக முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளாமல் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.