நான்கு விரல், ஒரு விரல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு அறிக்கையிலிருந்து கிடைத்தது. அறிக்கைகளுக்கு மொழி திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. குடிநீர்த் திட்டம் ஒன்றை வெளியாள் ஒருவர் வந்து பார்த்து மதிப்பிட்டு எழுதியது, தொண்ணூறு பக்கம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அச்சுக்குப் போகும் படியில் அது இல்லை. யார் எடுத்தார்கள் என்ற சந்தேகத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். (சந்தேகம் என் கூடப் பிறந்தது. கடையில் எடை போடுபவர் சிரித்தால்கூட நான் முள்ளைத்தான் பார்ப்பேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி விலகாத அந்தத் தெருவில், நம்பிக்கையின் ஒரு துளி—’

வேண்டாம். இது நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் நாள்காட்டிக்கு ஆகும்.

இரண்டாம் முயற்சி: மதிப்பீட்டாளர் வாளிக்குள் விரலை விட்டார்.

இதை வைத்துக்கொள்கிறேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலி. யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா’ என்று கேட்டுக்கொண்டு, சொன்னவர் காட்டாத பக்கம் திரும்பிப் பார்க்கும் பழக்கம். எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதாலேயே கொஞ்சம் சந்தேகமாகவும் இருக்கிறது.

3

திட்டம் இதுதான். வீட்டுக்கு ஒரு வடிகட்டி. மேலே மண்பாத்திரம், கீழே குழாய் வைத்த வாளி. மேலே ஊற்றினால் கீழே சொட்டும். போன முறை வந்து பார்த்தவர், ‘பல வீடுகளில் வடிகட்டி காய்ந்து கிடந்தது’ என்று எழுதிவிட்டுப் போனார். திட்ட அலுவலகம், குறைகளுக்குப் பதில் எழுதும் அட்டவணையில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது, பயன்பாடு உறுதி செய்யப்படும்’ என்று நிரப்பியது.

இந்த முறை பார்க்கப் போன தெருவில் பதினொரு வீட்டிலும் தண்ணீர் இருந்தது.

“பாருங்க மேடம், ஒரு வீடுகூட காயல,” என்றார் திட்ட ஒருங்கிணைப்பாளர். “போன அறிக்கைய வரி வரியா படிச்சோம். கத்துக்கிட்டோம்.”

“அப்படியா,” என்றார் அவர். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று ஒரு நடை போய் எல்லா வீட்டிலும் கீழ் வாளியை மட்டும் திறந்து விரலால் அளந்தார்.* முதல் வீட்டில் நான்கு விரல் தண்ணீர். நடுத் தெருவில் இரண்டரை. கடைசி வீட்டில் ஒரே விரல். முதலில் ஊற்றிய வீட்டில் அதிக நேரம் சொட்டியிருக்கும். தெரு நெடுக யாரோ குடத்தோடு நடந்து போனது அவருக்குக் கண்ணில் பார்த்த மாதிரி தெரிந்தது.

* அளக்கப் பிடித்தது அரை மணி. கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றப் பிடித்திருப்பது மூன்று மணி. கணக்கு இடிக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

4

(இங்கே நடந்த பேச்சு எனக்கு மதிப்பீட்டாளரே நேற்று போனில் சொன்னது. நான் கை வைக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.)

கடைசி வீட்டுக்காரி அந்தத் தெருவுக்குத் திட்டம் அமர்த்திய தொண்டர். மாதாமாதம் கையில் ஏதோ கொடுக்கிறார்கள். அவள் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே நின்றாள்.

“நீங்கதான் ஊத்துனீங்களா?”

“ஊத்தச் சொன்னாங்க. என் வீட்டுக்கு வரதுக்குள்ள கை ஓஞ்சு போச்சு.”

“மத்த நாள்ல?”

“யாரு மேடம் ஊத்துவா? ஒரு சொம்பு இறங்க ஒரு மணி நேரம் ஆகுது. இங்க ஆறு பேரு. எங்களுக்குக் கிணத்தத் தூர்வாரி மூடி போட்டுக் குடுங்கன்னு மொதல்லயே கேட்டோம்.”

உள்ளே பாயில் ஒரு குழந்தை சுருண்டு படுத்திருந்தது. வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது.

“இத எழுதுவீங்களா மேடம்?” என்று கேட்டாள்.

5

அப்புறம் ஒருங்கிணைப்பாளர் எனக்குப் போன் செய்கிறார். “சார், அந்த விரல் வரி மட்டும் கொஞ்சம்…”

இப்படித்தான் மூன்று முறை எழுதி வைத்திருந்தேன். பொய். அவர் போன் செய்யவே இல்லை. பழி போட வாகாக இருந்தார், அவ்வளவுதான்.

மதிப்பீட்டாளர் எழுதியது: ‘முதல் வீட்டில் நான்கு விரல், கடைசி வீட்டில் ஒரு விரல், ஒரே காலையில் ஒரே கை ஊற்றியிருக்கிறது.’

நான் திருத்தியது: ‘நீர்மட்டத்தில் வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் காணப்பட்டன.’

யாரும் கேட்கவில்லை. எந்த வரி அலுவலகத்துக்குப் பிடிக்காது என்பதை இருபது வருஷத்தில் என் கை தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதிப்பீட்டாளர் கூப்பிட்டார். “சார், முப்பத்தொன்னாம் பக்கத்துல என் விரல் எங்க போச்சு?”

“அது… நடை கொஞ்சம்…”

“நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது. எடுத்தது நீங்க, வைக்கறதும் நீங்களே வைங்க.”

6

முடிவு, ஒன்று: என் வரி அப்படியே நிற்கிறது. இதே வடிகட்டி இன்னும் நாற்பது ஊருக்குப் போகிறது. கிணறு அப்படியே கிடக்கிறது.

முடிவு, இரண்டு: அவர் வரி திரும்பி வருகிறது. ‘ஒரே கை’ யாருடையது என்று அலுவலகத்துக்குத் தெரியாதா? கடைசி வீட்டுக்காரிக்கு அந்த வேலை போகிறது. அட்டவணையில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று நிரப்புகிறார்கள். அடுத்த மதிப்பீட்டின்போது பதினொரு வீட்டிலும் சரியாக நான்கு விரல்.

இப்படி எழுதிப் பார்த்ததும், எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறதே என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிமேல்தான் இப்போது என் சந்தேகம். அவளுடைய வேலைக்காகவா நான் கவலைப்படுகிறேன்? வரியை எடுத்தபோது அவள் ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. அவளுக்கோ, சொன்னால் வேலை போகும் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னாள். சொல்லிவிட்டு, என் பெயர் வருமா என்று அவள் கேட்கவில்லை. எழுதுவீங்களா என்றுதான் கேட்டாள்.

மணி பதினொன்றரை. படி மேசைமேல் விரித்திருக்கிறது, முப்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. பேனா பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு வரியும் உங்களுக்குத் தெரியும்.

எனக்குத் தாகமெடுக்கிறது. அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வந்துவிடும், நேரமாகாது.