நிச்சயதார்த்தத்துக்கு வந்த வெள்ளைக்காரன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த அந்த நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் பார்த்தது ஜாதகமோ சீர்செனத்தியோ அல்ல, வெள்ளைக்காரன். அவன் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு ஆகியும் மணப்பெண் அனுசியாவை விடுகிற மாதிரி இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ராஜபாளையத்திலிருந்து வந்து சேரவே மணி பதினொன்று தாண்டிவிட்டது. வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பாலகணேஷின் அப்பா சங்கரலிங்கம், தாலுகா ஆபீசில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், வேட்டிப் புழுதியை உதறிக்கொண்டே உட்கார்ந்தார்.

"எந்த ஆபீஸும் உருப்படியா இல்ல சம்பந்தி. நாடு பின்தங்கிக் கெடக்கது அதனாலதான்."

அனுசியாவின் அப்பா சுந்தரபாண்டியன் பழைய பட்டாளத்துக்காரர். சும்மா இருப்பாரா?

"தப்பாச் சொல்லுதிய. இருநூறு வருசம் வெள்ளைக்காரன் உறிஞ்சிட்டுப் போனான். சக்கைய வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

"கொரியாவ ஜப்பான்காரன் உறிஞ்சலையா? அவன் எந்திரிச்சிட்டான்லா?"

"உங்க தாலுகா ஆபீஸே வெள்ளைக்காரன் வரி பிடுங்கக் கட்டினதுதானய்யா! சனத்துக்கு வேலை செய்யவா கட்டினான்?"

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் அனுசியாவுக்கு அப்பாவின் அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் பெருமை பறந்துவிட்டது. பன்னிரண்டுக்கு ராகுகாலம். அது கழிந்தால் அஷ்டமி, அப்புறம் ஆடி. அதற்குள் பாலகணேஷ் லீவு முடிந்து எல்லைக்குப் போய்விடுவான். பட்டாளத்து மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம் என்ற அப்பாவிடம் அழுது, பட்டினி கிடந்து வாங்கிய சம்மதம் இது.

தாம்பூலத் தட்டுகள் இரண்டும் நடுக்கூடத்தில் காத்திருந்தன. மாற்ற வேண்டியவர்கள் தகப்பன்மார். அவர்களோ தொடை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, நீ படிச்சவ. நீயே தீர்ப்புச் சொல்லு" என்றார் அப்பா.

"ஆமா, மருமகளே சொல்லட்டும்" என்றார் சங்கரலிங்கம்.

யார் பக்கம் பேசினாலும் மற்றவர் முறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். அவள் கூடத்துக்கு வந்து, தட்டுகளை மறைத்தபடி இருவருக்கும் எதிரே நின்றாள்.

"முழுசாக் கேக்காம எப்படிச் சொல்ல? மாமா, அந்தக் கொரியாவ இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க."

சங்கரலிங்கம் குஷியாகிவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினாள். அம்மா வெள்ளத்தாய்க்குப் புரிந்தது, ஒரு தட்டைத் தூக்கினாள். பாலகணேஷின் அம்மா அங்காளம்மாள் ஒரு கணம் திகைத்துவிட்டு மறு தட்டைத் தூக்கினாள். கொரியா பாதி வளர்வதற்குள் தட்டுகள் கைமாறின. குலவைச் சத்தம் கூரையைப் பிளந்தது.

"யாரக் கேட்டு மாத்தினிய?" சுந்தரபாண்டியன் துள்ளி எழுந்தார்.

"ராகுகாலத்துக்கு இன்னும் செத்த நேரம் இருக்கு. வேணும்னா அதையும் பேசித் தீத்துக்கிடுங்க" என்றாள் அங்காளம்மாள்.

கூடமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"எம் பொண்ணுக்கு நான்லா மாத்தியிருக்கணும்" என்றார், குரல் இறங்கி.

அனுசியா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "உங்க கைக்குத்தான் இம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம்ப்பா."

இந்தப் பழியைத் தூக்கிப் போட அவருக்கு எந்த வெள்ளைக்காரனும் கிடைக்கவில்லை. சங்கரலிங்கமும் எந்த ஆபீஸைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. இருவரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.